ஆழியாறுக்கு மூணு டிக்கெட்!

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி, ஜன்னலோர சீட்டைப் பிடித்த பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இரண்டு நர்ஸிங் மாணவிகள். ஒருத்தி காதில் இயர்போன், கண்கள் மூடியிருந்தன. காதல் பாட்டாக்கும் என்று செல்போனை எட்டிப் பார்த்தால் (தப்புதான்!)... தியான ஆப்! கிணத்துக்கடவு வருவதற்குள் மெல்லிய குறட்டை.

‘‘அதுக்குள்ள சமாதி நிலையா?’’ என்றேன்.

‘‘தூங்கிட்டாளுங்ணா. நைட் டூட்டி முடிச்சு நேரா பஸ் ஏறிட்டா’’ என்றாள் தோழி. வார்டு, வகுப்பு, பரீட்சை என்று அடுக்கியவள், குரலைத் தாழ்த்தினாள். ‘‘போன வாரம் இவ பார்த்துக்கிட்ட தாத்தா ஒருத்தர் இறந்துட்டாருங்ணா. இவ பார்த்த மொத சாவு. அன்னிக்கு சாயங்காலமே ரெக்கார்டு நோட்டு வைக்கோணும். என்னாச்சுன்னு ஒருத்தரும் கேக்கலை. படிப்பே வேண்டாங்கறா. அதான் ஆழியாறுக்குக் கூட்டிட்டுப் போறேன்.’’

நானும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன்.

இந்தக் களைப்புக்கு ‘பர்ன் அவுட்’ என்று 1974-ல் பெயர் வைத்து எழுதியவர் ஃப்ராய்டன்பெர்கர் என்ற நியூயார்க் உளவியல் நிபுணர். இது வியாதி அல்ல, வேலையிடத்து அழுத்தத்தைச் சரியாகக் கவனிக்காததன் விளைவு என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. கனடாக்காரர்கள் அதற்குள் ‘மியூஸ்’ என்று ஒரு தலைப்பட்டை செய்துவிட்டார்கள். நெற்றியில் மாட்டினால் மூளையின் மின்னலைகளைப் படிக்கும். மனசு அலைந்தால் காதில் புயல் சத்தம். அடங்கினால் பறவைக் குரல்!

ஆழியாறில் பறவைக் குரலுக்கு சார்ஜ் ஏற்ற வேண்டியதில்லை. பொள்ளாச்சியில் வால்பாறை பஸ் மாறி இறங்கினோம். மலையடிவாரம், அணை, அருகிலேயே வேதாத்திரி மகரிஷி 1984-ல் உருவாக்கிய அறிவுத் திருக்கோயில். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் வீட்டில் பிறந்தவர் அவர். குடும்பஸ்தர்களுக்கும் தோதாக தியானத்தை எளிமையாக்கினார். கருவி? முதுகெலும்பு ஒன்றுதான்.

என் பி.காம். புத்தி சும்மா இருக்குமா? வரவு, பத்து நிமிஷ தியானம். செலவு, ஒரு ராத்திரித் தூக்கமும் ஒரு சாவும். எந்த ஆடிட்டர் வந்தாலும் டேலி ஆகாது! தியானம் வேண்டாம் என்றில்லை. படபடப்பு அடங்குகிறது, நானே செய்கிறேன் (வாரத்துக்கு ஒரு நாள்). ஆனால், டூட்டி சார்ட் போடுகிறவர் கையிலும் கொஞ்சம் வைத்தியம் இருக்கிறதே!

திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண் இயர்போன் மாட்டவில்லை.

‘‘அந்தத் தாத்தா என்னைய ‘சாமி’ன்னுதான் கூப்புடுவாருங்ணா’’ என்று ஆரம்பித்தாள். பொள்ளாச்சி வரைக்கும் அவரைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தாள்.