800-க்குள்ள ஒரு பண்ணைப்புரம்!

தேனியில பஸ் ஏறி கம்பம் ரோட்டுல எட்டு கிலோமீட்டர் வந்தா எங்க ஊர் வீரபாண்டி. வருஷத்துல முக்கால்வாசி நாள் முல்லைப் பெரியாறு ஓடுற சத்தமும், பாலத்துல லாரி போற சத்தமும்தான் இங்கே பேக்ரவுண்ட் மியூசிக். சித்திரை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை கௌமாரியம்மன் கோயில் திருவிழா ஆரம்பிச்சதுன்னா, எட்டு நாளைக்கு அந்த அமைதிக்கு லீவு! தீச்சட்டி, ஆயிரங்கண் பானை, ராட்டினம், வளையல் கடை... எல்லாத்துக்கும் மேல குழாய் ஸ்பீக்கர்.

அந்தக் குழாய்க்கு நான் ரொம்பக் கடன்பட்டவன். ஆறு வயசுல திருவிழாக் கூட்டத்துல காணாமப் போய், பொரிகடலை மூட்டை மேல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தேன். 'மஞ்சச் சட்டை போட்ட பையன்'னு மைக்ல சொன்னதை ஆத்தங்கரையில நின்ன எங்க அப்பத்தா கேட்டுட்டு, கூட்டத்தைக் கிழிச்சுக்கிட்டு ஓடி வந்துச்சு. அவ்வளவு கூர்மையான காது!

இப்ப விஷயம் அந்தக் காதைப் பத்தினதுதான். ஆனா, அதை நான் புரிஞ்சுக்கிட்டது கார்ல ஸ்பீக்கர் மாட்டப் போனப்பதான்.

எங்க வீட்டுல ஒரு வெள்ளை மாருதி 800 இருக்கு. 1983 டிசம்பர்ல ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியில தயாரிப்பு நின்னுபோன அந்தக் குட்டிக் குடும்பத்துல, எங்க வண்டி 2002-ம் வருஷத்துப் பிள்ளை. அப்பா அதை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார். ஒரு நாள் சாப்பிடும்போது குண்டைத் தூக்கிப் போட்டார். "2027-ல ஆர்.சி. புதுப்பிக்கணும். இருபது வருஷம் தாண்டின காருக்குக் கட்டணம் பத்தாயிரம்னு 2025 ஆகஸ்ட்ல ஏத்திட்டாங்க. டிங்கரிங் தனி. ஆத்தாவும் இப்பெல்லாம் வண்டியில ஏற மாட்டேங்குது. எடைக்குப் போட்டுரலாம்டா!"

ஏற மாட்டேங்குதுங்கிறது நிஜம். முன்னாடியெல்லாம் அப்பத்தா பின்சீட்டுல உக்காந்தா, கம்பம் போய்ச் சேர்ற வரைக்கும் வாய் ஓயாது. கடந்த ரெண்டு வருஷமா, "நீங்க போங்கப்பா, நான் பஸ்ல வாரேன்"னு நழுவிடும். முழங்கால் வலின்னு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம்.

எனக்கு காரை விட மனசு இல்லை. லீவு நாள்ல கேட்டரிங் பரிமாறப் போய்ச் சேர்த்த 8,000 ரூபாய் கையில இருந்துச்சு. செமையா ஒரு செட் போட்டா அப்பாவே மனசு மாறிடுவார்னு கணக்கு. பின்னாடி ட்ரேயில ரெண்டு பெரிய ஓவல் ஸ்பீக்கர், டிக்கியில ஒரு ஊஃபர் பெட்டி, அதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர். ஹார்ன் அடிச்சாத் திரும்பாத ஆளும் பேஸ் அடிச்சாத் திரும்பணும் பாஸ்!

தேனியில ஒரு வயரிங் கடை. அந்த அண்ணன் என் லிஸ்ட்டை வாங்கிப் படிச்சார். ஒண்ணுமே சொல்லாம டார்ச்சை எடுத்துக்கிட்டு டேஷ்போர்டுக்குக் கீழே படுத்துட்டார். பத்து நிமிஷம் கழிச்சு, "தம்பி, இங்கே வா"ன்னார்.

பழைய ஸ்டீரியோவுக்குப் போற ஒயரை, முன்னாடி வச்சிருந்தவங்க யாரோ பாட்டரியில இருந்து நேரா இழுத்திருக்காங்க. நடுவுல ஃப்யூஸ் கிடையாது. இன்ஜின் பக்கத்துல இருந்து உள்ளே வர்ற ஓட்டையில ரப்பர் புஷ்ஷும் கிடையாது. தகரத்துல உரசி உரசி, ஒயரோட தோல் பாதி போயிருந்துச்சு.

"இந்தத் தாமிரம் பாடியில முழுசா ஒரு தடவை பட்டுச்சுன்னா, பாட்டரியில இருக்கிற கரண்ட் மொத்தமும் இந்த ஒயர்லதான் பாயும். ஹீட்டர் கம்பி மாதிரி பழுத்துரும். ஃப்யூஸ் இருந்தா, அது செத்து வண்டியைக் காப்பாத்தும். இல்லைன்னா வண்டிதான் சாகணும்."

எனக்கு அடிவயித்துல ஜில்லுன்னு ஆயிடுச்சு. இந்த ஒயரோடதான் அஞ்சு வருஷமா குடும்பத்தோட சுத்தியிருக்கோம்!

அடுத்து அவர் ஒரு கேள்வி கேட்டார். "பின்சீட்டுல யாரு உக்காருவா?"

"அப்பத்தா. ஆனா, இப்ப வர்றதில்லைண்ணே."

ட்ரேயில ஏற்கெனவே இருந்த பழைய ஓவலுக்கும் சீட்டோட தலைப்பகுதிக்கும் நடுவுல கையை வச்சுக் காட்டினார். ஒரு ஜாண்கூட இல்லை. "வயசானா மொதல்ல குறையறது கீச்சுச் சத்தம் கேக்குற சக்திதான். 'ச', 'த', 'க'ன்னு பேச்சைப் பிரிச்சுக் காட்டுற எழுத்தெல்லாம் மங்கிப் போகும். 'தும் தும்'னு பேஸ் மட்டும் நல்லாக் கேக்கும். கதவு கடகடக்குது, காத்து அடிக்குது, காதுக்குப் பின்னாடி ஸ்பீக்கர் இடிக்குது. நீங்க முன்னாடி பேசுறது அதுக்கு எப்படிடா கேக்கும்?"

முழங்கால் வலி இல்லை மக்களே. நாங்க பேசறது புரியாம, பதில் சொல்ல முடியாம, சும்மா உக்காந்திருக்கப் பிடிக்காமத்தான் அப்பத்தா பஸ்ஸுல போயிருக்கு.

"உங்க ஊர்த் திருவிழாவுல குழாய் கட்டுவாங்கல்ல? அதுல பேஸ் வருமா?"

"வராதுண்ணே."

"ஆனா, ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனுக்கும் வார்த்தை புரியும். கொஞ்சம் கரண்ட்லயே அவ்வளவு சத்தம் வரும். அந்தக் குழாயை கார்ல கட்டச் சொல்லலை. அதுல இருக்கிற பாடத்தை எடுத்துக்கோ!"

அந்தப் பாடம்தான் சென்சிட்டிவிட்டி. ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியில வாட்ஸை மட்டும் கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. ஒரு வாட் குடுத்தா, ஒரு மீட்டர் தூரத்துல எத்தனை டெசிபல் வருதுங்கிறது பொடி எழுத்துல ஒளிஞ்சிருக்கும். நாம பார்க்க வேண்டியது அதைத்தான். 87-க்கும் 90-க்கும் மூணுதானே வித்தியாசம்னு நினைக்காதீங்க. அந்த மூணு டெசிபலை ஆம்ப்ளிஃபையரால ஈடுகட்டணும்னா, ரெண்டு மடங்கு பவர் வேணும். 'நாலு இன்ட்டு ஐம்பது வாட்ஸ்'னு முகப்புல எழுதின சாதாரண ஸ்டீரியோ, தொடர்ந்து குடுக்கிறது ஒரு ஸ்பீக்கருக்கு சுமாரா 15-ல இருந்து 20 வாட்ஸ்தான். அதனால, தனி ஆம்ப் இல்லாத பழைய வண்டிக்கு சென்சிட்டிவிட்டி 90 டெசிபலுக்குக் குறையாத, நாலு ஓம் ஸ்பீக்கர் பெஸ்ட். சின்ன பாட்டரியும் சின்ன ஆல்டர்னேட்டரும் இருக்கிற 800-ல பெரிய ஆம்ப் மாட்டினா, ராத்திரி ஹெட்லைட், வைப்பரோட சேர்ந்து மூச்சு முட்டும்.

என் லிஸ்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு புது லிஸ்ட் எழுதினோம். முன் கதவுக்கு ரெண்டு அஞ்சேகால் இஞ்ச் கோஆக்ஸியல் (நடுவுலயே ட்வீட்டர் இருக்கிற டைப்), ஒரு சாதாரண ப்ளூடூத் ஸ்டீரியோ. மீதிக் காசெல்லாம் ஒயர், ஃப்யூஸ், கதவு பீடிங், அதிர்வை அடக்குற ரப்பர் ஷீட். ஊஃபர் பெட்டிக்கு டாட்டா!

ஞாயித்துக்கிழமை காலையில வேலை ஆரம்பிச்சுச்சு. அண்ணன் என்னையும் எடுபிடியா வச்சுக்கிட்டார். அன்னிக்குக் கத்துக்கிட்டதை அப்படியே சொல்றேன், உங்க வீட்டுப் பழைய காருக்கும் உதவும்.

முதல்ல கண்ணாடியை முழுசா இறக்கிட்டு ஆழத்தை அளக்கணும். ஏத்தி வச்சு அளந்துட்டு மாட்டினா, கண்ணாடி இறங்கும்போது ஸ்பீக்கரோட காந்தத்துல போய் முட்டும். ஓட்டையைப் பெருசாக்க தகரத்தை வெட்டினா, வெட்டின விளிம்புல ரெட் ஆக்ஸைடு அடிக்கணும். இல்லைன்னா ரெண்டே மழையில துரு ஏறும். கதவுக்குள்ளே வர்ற தண்ணி வெளியேற அடியில ஓட்டைகள் இருக்கும். ஷீட் ஒட்டுற ஆர்வத்துல அதை மட்டும் அடைச்சுடாதீங்க. டோர் பேடுக்குப் பின்னாடி இருக்கிற பிளாஸ்டிக் பேப்பரையும் தூக்கிப் போடக் கூடாது. ஸ்பீக்கர் நனையாம இருக்க அதுதான் குடை.

கதவோட உள்பக்கத் தகரத்துல அங்கங்கே பெரிய ஓட்டைகள். ஸ்பீக்கரோட முன்பக்கம் வர்ற சத்தமும் பின்பக்கம் வர்ற சத்தமும் அது வழியா கலந்தா, ஒண்ணை ஒண்ணு அடிச்சு பேஸ் காலி. ஷீட்டை வச்சு மூடினதும் கதவைத் தட்டிப் பார்த்தேன். 'டங்'னு கேட்ட கதவு, 'டொக்'னுச்சு!

பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாறினா, இடது ஸ்பீக்கர் முன்னாடி வரும்போது வலது பின்னாடி போகும், பேஸ் காணாமப் போகும். சந்தேகம் வந்தா, ஒன்றரை வோல்ட் பேனா பாட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்க. கூம்பு வெளியே தள்ளினா, பாட்டரியோட பிளஸ் தொட்டதுதான் ஸ்பீக்கரோட பிளஸ்.

ஸ்டீரியோவோட மஞ்ச ஒயர் எப்பவும் கரண்ட்ல இருக்கிறது. சிவப்பு, சாவி போட்டா மட்டும் உயிர் வர்றது. சோம்பேறித்தனமா ரெண்டையும் முறுக்கி ஒண்ணா சேர்த்தா, ஸ்டீரியோ ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து பாட்டரியைக் குடிச்சிடும். 'காலையில ஸ்டார்ட்டே ஆகலை'ன்னு புலம்புற பல பேரோட கதை இதுதான். கறுப்பு எர்த். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் தகரத்துல இறுக்கணும். அது லூஸா இருந்தா, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க பாட்டுக்குள்ளே 'ங்ஙீ...'ன்னு ஒரு விசில் கூட வரும். பாட்டரியில இருந்து தனி ஒயர் இழுத்தா, ஃப்யூஸ் பாட்டரியில இருந்து ஒன்றரை அடிக்குள்ளே இருக்கணும். இந்த ஒண்ணுல மட்டும் அண்ணன் ஜோக்கே அடிக்கலை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "அப்பத்தா, ஒரு ரவுண்டு போலாம் வா"ன்னேன். "கால் வலிக்குதுப்பா"ன்னு ஆரம்பிச்சதை அலாக்கா தூக்காத குறையா ஏத்திட்டோம். அப்பா ஸ்டீரிங், நான் பக்கத்துல. பின்னாடி பழைய ஓவலைக் கழட்டியாச்சு.

சின்னமனூர், உத்தமபாளையம். அங்கே இருந்து வலது பக்கம் திரும்பி கோம்பை ரோடு. ஒரு பக்கம் வாழையும் தென்னையும், எதிர்ல மேற்குத் தொடர்ச்சி மலை நீலமா நிக்குது. அந்த ரோட்டுலதான் பண்ணைப்புரம். 1943-ல இளையராஜா பிறந்த ஊர். அண்ணன் பாவலர் வரதராஜனோட கச்சேரிகள்ல ஆர்மோனியம் வாசிச்சு ஊர் ஊராத் திரிஞ்ச அந்தத் தம்பி, 1976-ல 'அன்னக்கிளி'யில அறிமுகமாகி, 2025 மார்ச்ல லண்டன்ல சிம்பொனி அரங்கேத்தினது ஊரறிஞ்ச கதை.

அவர் பாட்டைத்தான் சன்னமா ஓட விட்டிருந்தேன். சின்ன வயசுல இருந்து மனப்பாடமான பாட்டு. ஆனா, அடியில ஒரு பேஸ் கிட்டார் தனியா வேற ஒரு மெட்டு வாசிச்சுக்கிட்டே நடந்து போறதை அன்னிக்குத்தான் முதல் தடவையா கேட்டேன். ஊஃபர் பெட்டி இல்லாமலே! அவர் வாசிக்க வச்சது இத்தனை வருஷமும் அங்கேயேதான் இருந்திருக்கு. எங்க கதவு கடகடத்த சத்தத்துல அமுங்கிக் கிடந்திருக்கு.

கோம்பையைத் தாண்டினதும் அப்பா என்கிட்டே சாதாரணக் குரல்ல சொன்னார். "ராஜா ஊருக்குத்தான்டா போறோம்னு ஆத்தாகிட்ட சொன்னியா?"

பின்சீட்டுல இருந்து பட்டுனு பதில் வந்துச்சு. "அதான் தெரியுதே! நீ மொதல்ல பள்ளத்தைப் பார்த்து ஓட்டு!"

அப்பா சடக்குனு கண்ணாடியில பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தேன். நாங்க ஏன் இப்படி முழிக்கிறோம்னு புரியாம, அப்பத்தா வெளியே ஒரு தோப்பைக் காட்டி, அந்தக் காலத்துல அதை வித்த குடும்பத்தோட சண்டைக் கதையை ஆரம்பிச்சுடுச்சு. பண்ணைப்புரத்துல டீ குடிச்சப்பவும் நிக்கலை. திரும்பி வரும்போதும் நிக்கலை. பாட்டும் ஓடுச்சு, பேச்சும் ஓடுச்சு.

வீரபாண்டி பாலத்துல ஏறும்போது இருட்டிடுச்சு. கோயில் விளக்கு ஆத்துல மினுங்குது. அப்பா ரொம்ப நேரம் பேசாம வந்தவர், வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்திட்டுக் கேட்டார்.

"அந்த ஆர்.சி.க்கு எவ்வளவுடா, பத்தாயிரம்தானே?"