வரிச்சும் சாந்தும்



வன்னியில் மண்வீடு கட்டியவர்களுக்கு வரிச்சைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தடிகளைக் குறுக்கே கட்டி, வைக்கோல் கலந்து மிதித்த மண்ணை அப்புவோம். இடுக்குகளால் மறுபக்கம் பிதுங்கிக் காயும் மண்தான் சுவரைப் பிடித்து நிற்கும்.

பழைய ஆங்கிலேய மாளிகைகளின் பூவேலைச் சீலிங்குகளும் இப்படித்தான் என்று வாசித்தபோது ஆச்சரியப்பட்டேன். மெல்லிய பலகைக் கீற்றுகளில் மாட்டுமயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசுவார்கள். இடுக்கால் மேலேறிய சாந்து கொளுவிக்கொள்ளும். கீழே பூவும் கொடியும். தாங்குவது கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிதுக்கம்.

லண்டன் கென்வூட் மாளிகையின் நூலகம் இதில் பேர்போனது. 1760களின் பிற்பகுதியில் ரொபர்ட் அடம் வடிவமைத்தார். சாந்து வேலை ஜோசப் ரோஸ், ஓவியங்கள் சூக்கி. வீட்டுக்காரர் பிரதம நீதியரசர் மான்ஸ்பீல்ட். சமர்செட் என்ற அடிமையைப் பலவந்தமாக நாடு கடத்த முடியாதென்று 1772இல் தீர்ப்புச் சொன்னவர்.

சிறுபான்மையான கத்தோலிக்கருக்கு இரக்கம் காட்டுகிறார் என்று 1780 ஜூனில் ஒரு கும்பல் நகரத்திலிருந்த அவருடைய மற்ற வீட்டை எரித்தது. அங்கிருந்த நூலகமும் சாம்பல். கென்வூட் தப்பியது. இன்றும் யாரும் போய் அந்தச் சீலிங்கை அண்ணாந்து பார்க்கலாம்.

நூலகம் எரிவது எங்களுக்குப் புதுக்கதையல்ல. 1981இல் யாழ்ப்பாணத்தில் சுமார் 97,000 நூல்கள் போயின. ஆனால் நெருப்பில்லாமலும் நூல்கள் அழியும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நாங்கள் யுத்தம் முடிந்து திரும்பியபோது, கூரையில்லாத எங்கள் வீடு மாரி மழையில் கரைந்து மண்மேடாகிக் கிடந்தது. வாப்பாவின் புத்தகப் பெட்டி அதற்குள்தான் இருந்தது. யாரும் கொளுத்தவில்லை. ஒழுக்கும் கறையானும் போதுமாயிருந்தன.

மண்ணோ சுண்ணாம்போ, மேலே ஒழுகினால் பிடி விட்டுவிடும்.

எங்கள் பாடசாலை நூலக அறையின் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. பூவேலை கேட்கவில்லை. மாரிக்கு முன் நாலு தகரமும் ஒருநாள் உழைப்பும் போதும். வருகிற சனிக்கிழமை காலை, ஏணி உள்ளவர்கள் ஏணியோடு வாருங்கள். மற்றவர்கள் பிள்ளைகளோடு வாருங்கள். புத்தகங்களை வெயிலில் காயவைக்க அவர்கள்தான் வேண்டும்.