கல்லூரிப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்க நெருங்க, நம் பங்கு அலுவலகத்தின் வாசலில் ஒரு கேள்வி தவறாமல் வந்து நிற்கும். "சாமி, அண்ணன் மகன் காலேஜிலிருந்து வருகிறான். என்ன வாங்கிக் கொடுத்தால் பிரியப்படுவான்?" ஆறாம் வகுப்புப் பையனைப் பற்றி எவரும் நம்மிடம் இப்படிக் கேட்டதில்லை. அவனுக்குப் பந்து போதும், மட்டை போதும். பதினேழு வயதைக் கடந்து பிள்ளை விடுதிக்குப் போன பிறகுதான் இந்தத் தடுமாற்றம் தொடங்குகிறது. அவன் எத்தனை மணிக்கு எழுகிறான், எதில் படுக்கிறான், மாலையில் எதை உண்கிறான் என்பது வீட்டாருக்குத் தெரியாமற் போய்விடுகிறது. நாளைத் தெரியாதவர், அந்த நாளுக்கு உதவும் பொருளை எங்ஙனம் தெரிந்தெடுப்பார்?

சென்னையில் பொறியியல் பயிலும் நம் பங்கு இளைஞன் ஒருவன், விடுமுறை முடிந்து புறப்படும் நாளில் அவன் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். உற்றார் அளித்த பரிசுகள் கட்டிலின்மேல் வரிசையாக இருந்தன. பேனாப் பெட்டிகள் மூன்று. சுவர்க்கடிகாரம் ஒன்று. சட்டைகள் இரண்டு, இரண்டும் அவன் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த அளவு. பெரியப்பாவின் நினைவில் அவன் இன்னும் வளரவில்லை போலும். இவற்றுள் எதையும் எடுக்காமல், பாட்டி இடித்துக் கொடுத்த பருப்புப் பொடியை மட்டும் பையில் திணித்துக்கொண்டிருந்தான். ஏனென்று கேட்டோம். "ஃபாதர், எங்கள் அறையில் நாலு பேர். ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு தட்டு. கடிகாரத்தை எங்கே மாட்டுவேன்?" என்றான். அவன் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. பெரியவர்கள் வருந்தக் கூடாதே என்ற கவலைதான் இருந்தது.

இது நம்மூரில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல், யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம், அவர்கள் பெற்ற கிறிஸ்மஸ் பரிசுகளைப் பற்றி விசாரித்து, 1993ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இப்பொருளின் விலை என்னவாக இருந்திருக்கும், உன் கைக்காசைக் கொடுத்து வாங்குவதாயின் எவ்வளவு கொடுப்பாய் என்பன அவர் கேட்ட கேள்விகள். விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை வீணாய்ப் போகிறது என்று அவர் கணக்கிட்டார். தாத்தா பாட்டி, மாமா, அத்தை ஆகியோர் கொடுத்தவற்றில் இழப்பு மிகுதி. தோழர்கள் கொடுத்தவற்றில் குறைவு. அன்பின் மதிப்பைக் கழித்துவிட்டே விடை சொல்லுமாறு அவர் கேட்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொருளியலார் அப்படித்தான் கேட்பர். ஆயினும் அவர் கணக்கில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. தோழன் அத்தையைவிட அதிகம் அன்பு செய்கிறான் என்பதில்லை. அவன் அடுத்த கட்டிலில் படுத்திருக்கிறான், அவ்வளவே.

அப்படியானால் அத்தை என்ன செய்வது? கேட்டுவிடலாம். "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பது பரிசின் இனிமையைக் கெடுத்துவிடும் என்று நம் குடும்பங்களில் ஓர் எண்ணம் உண்டு. மறைத்து வைத்துத் திடீரெனக் கொடுப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கவே செய்கிறது. அம்மகிழ்ச்சியில் பெரும்பங்கு கொடுப்பவருடையது என்பது நம் கருத்து. ஆனால் கேட்கும் முறை உண்டு. நேராகக் கேட்டால் பிள்ளைகள் "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள், குறிப்பாக வறுமையறிந்து வளர்ந்தவர்கள். "விடுதியில் எது இல்லாமல் கஷ்டப்படுகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். விடை வரும்.

வராமலும் போகலாம். நம் பங்கில் ஒரு மாணவி திருச்சியில் விடுதியில் தங்கிப் பட்டப்படிப்புப் படிக்கிறாள். தந்தை விசைப்படகுத் தொழிலாளி. அவளுக்கு ஒரு கிறிஸ்மஸுக்கு மூன்று பேர் சுடிதார்த் துணி கொடுத்தார்கள். துணிதான் இலவசம், உள்துணியும் தையற்கூலியும் பெறுபவர் தலையில். மூன்றும் பீரோவில் மடித்தபடியே கிடந்தன. அடுத்த ஆண்டு மே மாதத்தில் அவள் பிறந்த நாள் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதும், அந்நாட்களில் விசைப்படகுத் தொழிலாளரின் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்பதும் கடற்கரை வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவளுடைய ஞானத்தாய், தந்தையின் அக்காள். அங்கன்வாடியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பாடற்குழுவில் நின்ற பெண், பாட்டுப் புத்தகத்தை மூக்கருகே பிடித்திருந்ததை அவர் கவனித்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"கண்ணாடி எப்போ மாத்தினே?"

"பிளஸ் ஒண்ணுலே, அத்தை. இது போதும்."

அந்தக் கண்ணாடியின் கால் ஒன்று ஒட்டுநாடாவால் கட்டப்பட்டிருந்தது. மறுநாளே அவளைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். கிட்டப்பார்வை வெகுவாக ஏறியிருந்தது. கரும்பலகை தெரியாமல், பக்கத்தில் இருப்பவளின் குறிப்பேட்டைப் பார்த்தே அவள் எழுதிவந்திருக்கிறாள். ஒரு பாடத்தில் தவறி, 'எனக்குப் படிப்பு வராது' என்று முடிவு கட்டி, ஜூனில் கல்லூரிக்குத் திரும்புவதில்லை என்று மனத்துக்குள் தீர்மானித்தும் இருந்தாளாம். இது தாய்க்கும் தெரியாது. பிறந்த நாளன்று அத்தை கொடுத்தது புதிய கண்ணாடியும், உடைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு கண்ணாடியும். மூன்று சுடிதார்களுக்கான தையற்கூலியையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். நவம்பர்த் தேர்வில் விட்ட பாடத்தை எழுதி அவள் தேறினாள். அந்த அத்தை கடைவீதியில் பரிசு தேடி அலையவே இல்லை.

கண்டிப்பாகக் கொடுக்கக் கூடாதது எது என்று கேட்டால், போட்டித் தேர்வு வழிகாட்டி நூல் என்போம். தமிழ் இலக்கியம் பயிலும் ஓர் இளைஞனுக்கு ஒரே விழாவில் மூன்று சித்தப்பாக்கள் அரசுப் பணித் தேர்வுக் கையேடுகளை அளித்தார்கள். அவன் விரும்பிக் கேட்டிருந்தால் அது நல்ல பரிசே. கேளாமல் கொடுத்தபோது, 'நீ படிக்கும் படிப்பு சோறு போடாது' என்று மூன்று முறை சொன்னதாக ஆயிற்று. வண்ணக் காகிதத்தில் சுற்றினாலும் கண்டனம் கண்டனமே. கைப்பேசி வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தேர்வு முடிவின்போதும் அதை நினைவூட்டும் மாமன்மாரையும் நாம் அறிவோம். அந்தப் பிள்ளைகள் மாமா வரும் நாளில் கைப்பேசியை ஒளித்து வைக்கிறார்கள்.

சிறு பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். விடுதி அறையில் சுவருக்கு ஒரு மின் இணைப்பே இருக்கும். நீளமான கம்பியுள்ள நல்ல 'எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்' ஒன்று அங்கே பொற்காசுக்குச் சமம். கொசுவலை, மடக்குக் குடை, தடித்த போர்வை ஆகியவையும் அவ்வாறே. மின்சாரக் கெட்டிலை வாங்குமுன் விடுதி விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல விடுதிகளில் அதற்கு அனுமதியில்லை, காப்பாளர் கையில் போய்ச் சேரும். பொறியியல் முதலாண்டு மாணவனுக்கு வரைபடப் பாடத்துக்கான 'டிராஃப்டர்' புதிதாக வாங்க வேண்டியதில்லை. அப்பாடம் முடிந்ததும் மூத்த மாணவர்கள் அதைக் கைமாற்றிவிடுவர். கணக்குக் கருவி அப்படியன்று, நான்காண்டும் உடன்வரும்.

தின்பண்டமோ என்றும் தோற்பதில்லை. ஆனால் ஒருவனுக்கென்று அளந்து அனுப்பாதீர்கள். விடுதியில் டப்பா திறக்கும் ஓசை கேட்டால் நான்கு அறைகள் கூடும். அரைக் கிலோ மக்ரூன் அனுப்பினால் உங்கள் பிள்ளைக்கு இரண்டு கிட்டும். எஞ்சியவற்றால் அவனுக்கு நண்பர்கள் கிட்டுவார்கள். முதலாண்டில் தனித்து நிற்கும் பிள்ளைக்கு இந்த இரண்டாவது பயன் சிறிதன்று. மக்ரூன் ஈரக்காற்றில் இளகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பேருந்தில் நெடுந்தூரம் போவதாயின் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இன்னும் பத்திரம்.

பணமாகக் கொடுப்பது அன்பில்லாத செயல் என்று சிலர் நினைக்கிறார்கள். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அரசுப் பள்ளிகளில் பயின்று கல்லூரி சென்ற மாணவியர் 2022 முதலும், மாணவர் 2024 முதலும், அரசுத் திட்டங்களின்வழி மாதம் ஆயிரம் ரூபாய் பெறத் தொடங்கினர். நாம் அறிந்த வீடுகள் சிலவற்றில் அந்த ஆயிரம் அரிசிக்கும் தங்கையின் புத்தகத்துக்கும் போய்விடுகிறது. பிள்ளைகளும் மனமுவந்தே தருகிறார்கள். அத்தகைய வீட்டில் ஐந்நூற்றொன்றை உறையிலிட்டு எல்லோர் முன்னும் கொடுத்தால் அதுவும் அந்த வழியே போகும். வழியனுப்பும்போது தனியே கையில் வைத்து, "இது உன் டீச் செலவுக்கு, கணக்குச் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். கடைசி மூன்று சொற்களே பரிசின் பெரும்பகுதி.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தொலைவில் பயிலும் பிள்ளைக்கு நாம் பரிந்துரைப்பது வீடு திரும்பப் படுக்கை வசதியுள்ள இரயில் பயணச்சீட்டு. சென்னையிலிருந்து தூத்துக்குடிவரை இரவு முழுதும் முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே வந்து, விழா நாளில் கோவிலிலேயே உறங்கி விழும் மாணவர்களை நாம் பீடத்திலிருந்து பார்த்திருக்கிறோம். முன்பதிவுக் காலத்தை இரயில்வே 2024 நவம்பர் 1 முதல் நூற்றிருபது நாளிலிருந்து அறுபது நாளாகக் குறைத்துவிட்டது. ஆகவே டிசம்பர் 23 இரவு முத்துநகர் விரைவு வண்டியில் ஏறவேண்டிய பிள்ளைக்கு அக்டோபர் 24 காலை எட்டு மணிக்கே சீட்டு எடுத்தாக வேண்டும். சற்று நேரத்தில் தீர்ந்துவிடும். தேர்வு எப்போது முடிகிறது என்று முன்னதாக ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பிச் செல்லும் சீட்டையும் மறவாதீர்கள். ஜனவரி 1 இரவுப் பயணத்துக்கு முன்பதிவு தொடங்குவது நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று காலை எட்டு மணிக்கு நாம் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் இருப்போம். வீட்டில் ஒருவரை நிலையத்துக்கு அனுப்பிவிட்டு வாருங்கள்.