தோல் மட்டும் தங்கிவிட்டது

ஐம்பது கிலோவுக்கு மேல் எடை குறைத்தவனுக்கு அதற்குப் பிறகும் உடம்பைப் பற்றிக் கவலை இருக்கிறது என்று சொன்னால் கேட்பவர்களுக்கு எரிச்சல்தான் வரும். பழைய நாட்களில் என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் எனக்கும் வந்திருக்கும். 134 கிலோ உடம்போடு பாளையங்கோட்டைத் தெருக்களில் மூச்சு வாங்க நடந்தபோது, எடை குறைந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். குறைந்தது. 81-க்கு வந்து நின்றது. சர்க்கரை மாத்திரை முதலில் பாதியானது, பிறகு தேவையே இல்லாமல் போனது. தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க இரவெல்லாம் மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கிய சிபாப் கருவி பரணுக்குப் போனது. முட்டி வலி மறந்துவிட்டது. தோல் மட்டும் போகவில்லை. வயிற்றிலும் மேல்கையிலும் மார்பிலும் உள்தொடையிலும் அப்படியே தொங்கியது.

அந்தத் தோலோடு நான் பட்ட கவலையைத்தான் எழுதுகிறேன். ஆண்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. எனக்கும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் செய்துகொண்டது ஸ்லீவ் என்னும் இரைப்பை அறுவை சிகிச்சை. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குறுகலான குழாயாக விடுவார்கள். எவ்வளவு புரதம் சாப்பிட வேண்டும், எந்த வைட்டமினை எப்போது போட வேண்டும், தண்ணீரை எப்படிக் குடிக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகத் தாள் கொடுத்தார்கள். தோலைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி இருந்தது: சிலருக்குத் தோல் தளரலாம். அவ்வளவுதான்.

முதலில் வற்றியது முகம். நான் கணக்கு எழுதும் ஜவுளிக்கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்ன அண்ணாச்சி, ஆளே பாதியாயிட்டிய, சுகரா?" நம் ஊரில் மெலிந்த மனிதன் என்றால் நோயாளி என்று பொருள். சுகர் இருந்தது, இப்போது இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். கன்னம் இறங்கி, கழுத்தில் மடிப்பு விழுந்து, என் வயதுக்குப் பத்து வயது கூட்டிக் காட்டியது கண்ணாடி. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சட்டைக்குள் இருந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது.

சம்மணம் போட்டு உட்கார்ந்தால் வயிற்றுத் தோல் இரண்டு தொடைகள் மீதும் படியும். ஒருக்களித்துப் படுத்தால் பக்கத்தில் விரிப்பின் மேல் சரிந்து கிடக்கும். வேகமாகப் படியிறங்கினால் நான் நின்ற பிறகும் அது ஒரு கணம் ஆடி நிற்கும். கையைத் தூக்கிப் பரணில் இருந்து எதையாவது எடுத்தால், அரைக்கைச் சட்டைக்குள்ளிருந்து தோல் இறங்கி வெளியே தெரியும். முழுக்கைச் சட்டைக்கு மாறினேன். பங்குனி வெயிலில் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பவனை யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நல்லவேளை.

திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சந்நிதிக்குள் போக வேண்டும். குண்டாக இருந்த காலத்தில் நான் கூசாமல் கழற்றியிருக்கிறேன். பெரிய வயிறு எங்கள் பக்கத்தில் யாருக்கும் விசித்திரம் இல்லை. வசதியான ஆள் என்றுகூட நினைத்துக்கொள்வார்கள். இளைத்த பிறகு போனபோது என்னால் முடியவில்லை. பொத்தானில் கை வைத்தபடி மண்டபத் தூணோரம் நின்றேன். குடும்பத்தோடு வந்திருந்தோம். மனைவியையும் பிள்ளைகளையும் உள்ளே அனுப்பிவிட்டு, செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வெளியே இருந்துவிட்டேன். குற்றாலத்துக்கு மச்சான் வீட்டார் கூப்பிட்டபோதும் சளி என்று சொன்னேன். எடை கூடியிருந்தபோது கூச்சமில்லாமல் போன இடங்களுக்கெல்லாம் எடை குறைந்த பிறகு போக முடியாமல் ஆனது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்ன ஒன்றிரண்டு பேரும் "உயிர் பிழைச்சிருக்கிய, தோலைப் போய்ப் பெருசா பேசுறியளே" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் அது என் வாயை அடைத்தது.

வாய் அடைத்ததால் வந்த கேடுதான் பெரிது. வயிற்று மடிப்புக்கு அடியில் புண் வந்தது. வியர்வை தங்கி, தோலோடு தோல் உரசி, முதலில் சிவப்பு, பிறகு அரிப்பு, பிறகு ஒரு வாடை. மருந்துக்கடையில் அரிப்பு என்று மட்டும் சொல்லி ஒரு கிரீம் வாங்கினேன். போட்ட மறுநாளே அடங்கியது. நிறுத்தியதும் இன்னும் பரவி இடுப்பு இடுக்கு வரை வந்தது. மறுபடி அதே டியூப். அருவருப்பாக நினைத்துக்கொண்டிருந்த ஓர் இடத்தை டாக்டரிடம் திறந்து காட்டக் கூசியே நாட்களைக் கடத்தினேன்.

கடைசியில் திருநெல்வேலியில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். என் அக்காள் வயதிருக்கும் அவருக்கு. படுக்கச் சொல்லி, மடிப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, டார்ச் அடித்து மெதுவாகப் பார்த்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பிறகு நான் போட்ட டியூபைக் கேட்டார். பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "இதுல ஸ்டீராய்டு இருக்கு. சிவப்பும் அரிப்பும் அடங்குனாப்ல தெரியும், பூஞ்சை அடியில வளரும். தோலும் மெலிஞ்சு வரிவரியாப் போயிடும்" என்றார். இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் 2018-லேயே மத்திய அரசு கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. நானே அதற்குச் சாட்சி.

பூஞ்சைக்கு மட்டுமான மருந்தை எழுதிக் கொடுத்தார். அதைவிட அவர் சொல்லிக்கொடுத்த கைப்பக்குவம்தான் என்னைக் காப்பாற்றியது. குளித்ததும் தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். படுத்து, மடிப்பைத் தூக்கிப் பிடித்து, டேபிள் ஃபேன் காற்றில் நன்றாக உலரவிட வேண்டும். பவுடர் கொட்டக் கூடாது, வியர்வையில் குழைந்து அதுவே உறுத்தும். நைந்த பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து, நாலாக மடித்து, மடிப்புக்கும் தொடைக்கும் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். மத்தியானம் ஒருமுறை மாற்ற வேண்டும். கடையில் சாப்பாட்டு நேரத்தில் அதைச் செய்வது எனக்குச் சங்கடமாக இருந்தது. செய்தேன். புண் ஆறியது.

தோல் ஏன் சுருங்கவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார். தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் நார்கள். இழுத்துவிட்டால் பழையபடி திரும்ப வைப்பது எலாஸ்டின். இந்த எலாஸ்டினில் பெரும்பகுதி தாயின் வயிற்றிலும் சிறுவயதிலுமாகவே உருவாகிவிடுகிறது. வளர்ந்த பிறகு உடம்பு அதைப் புதிதாகச் செய்வது மிகக் குறைவு. கடைக் கணக்குக் கட்டில் வருடக்கணக்காக மாட்டியிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றினால் எப்படி இருக்கும் என்று என்னிடமே கேட்டார். எனக்குப் புரிந்தது. வயதும் பரம்பரையும் வெயிலும் புகைப்பழக்கமும் இதில் சேரும். இருபது வயதுப் பையனுக்குச் சுருங்குவது நாற்பதைத் தாண்டியவனுக்குச் சுருங்காது.

"மெதுவாக் குறைச்சிருந்தா இப்படி ஆயிருக்காதோ?" என்று கேட்டேன். அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வி. ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். "உங்க வயசுக்கும் குறைஞ்ச எடைக்கும், மெதுவாக் குறைச்சிருந்தாலும் பெருசா வித்தியாசம் வந்திருக்காது" என்றார். நான் ஏதோ தப்புச் செய்து அதற்குக் கிடைத்த தண்டனையாகத் தோலைச் சுமந்துகொண்டிருந்தேன். அந்தப் பாரம் அன்றைக்கு இறங்கியது.

அதன்பின் எண்ணெய், களிம்பு எல்லாவற்றையும் நிறுத்தினேன். கொலாஜன் கிரீம் என்று விற்கிறார்கள். கொலாஜன் மூலக்கூறு மேல்தோலைத் தாண்டி உள்ளே போக முடியாத அளவுக்குப் பெரியது. மேலே ஈரப்பதம் தருவதோடு சரி. அந்தக் காசுக்கு முட்டையும் கொண்டைக்கடலையும் வாங்கலாம். ஜிம்முக்குப் போய் எடை தூக்கினேன். தோளிலும் மேல்கையிலும் சதை ஏறியதால் அங்கே தொய்வு கொஞ்சம் நிரம்பியது. வயிற்றுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இருந்தாலும், கனமான கம்பியைத் தூக்கும் கை தொங்கினாலும் பலமான கைதான் என்பது உடம்புக்கு விளங்கியது.

மழைக்காலம் வந்ததும் புண்ணும் திரும்ப வந்தது. ஆற்றினேன், மறுபடி வந்தது. தோல் டாக்டர்தான் மதுரையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கச் சொன்னார். ஆடம்பரம் என்று எனக்கு உள்ளூர ஒரு கூச்சம். படித்துப் பார்த்தால் 1899-லேயே அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹோவர்ட் கெல்லி என்ற மகளிர் நோய் மருத்துவர் தொங்கும் வயிற்றை வெட்டி எடுத்திருக்கிறார். நடக்கவும் குளிக்கவும் கஷ்டப்படும் ஒருவருக்குச் செய்யும் வைத்தியம் இது. அழகுக்கும் செய்கிறார்கள் என்பதற்காக நான் கூசத் தேவையில்லை.

சர்ஜன் அவசரப்படவில்லை. குறைந்தது ஆறு மாதம் எடை ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும் என்றார். ரத்தத்தில் ஹீமோகுளோபின், புரதம், இரும்புச்சத்து, பி12 எல்லாம் பார்த்தார். இரைப்பை ஆபரேஷன் ஆனவர்களுக்கு இவை குறைந்தால் தையல் கூடுவது தாமதமாகும். தழும்பு இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரை இருக்கும் என்று பேனாவால் என் தோலிலேயே கோடு இழுத்துக் காட்டினார். நீர் கோக்கலாம், தையல் விடலாம், காலில் ரத்தம் உறையலாம், அடிவயிற்றில் உணர்ச்சி மரத்தே இருந்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இவ்வளவையும் ஒருவர் மறைக்காமல் சொன்னதே எனக்குத் தைரியமாக இருந்தது.

காப்பீடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலருக்கு உதவும். அழகு அறுவை சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை என்பது பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும் விதி. ஆனால் அதே விதியில், உடல்நலத்துக்கு நேரடியாகவும் உடனடியாகவும் உள்ள ஆபத்தை நீக்கத் தேவையான சிகிச்சை என்று மருத்துவர் சான்று கொடுத்தால் விலக்கு உண்டு. எனக்கு முதலில் மறுத்தார்கள். தோல் டாக்டரின் சீட்டுகளையும் புண்ணின் படங்களையும் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்த பிறகு ஒரு பகுதி வந்தது. மிச்சத்துக்கு நகை அடகுக்குப் போனது.

வெட்டி எடுத்தது மூன்று கிலோவுக்குச் சற்று மேல். தொங்கும்போது பத்துக் கிலோ என்று நினைத்திருந்தேன். இரண்டு பக்கமும் டியூப் வைத்து நீரை வடித்தார்கள். தையல் இழுக்காமல் இருக்க முதல் சில நாட்கள் குனிந்தே நடந்தேன். இறுக்கமான பெல்ட்டை வாரக்கணக்கில் கழற்றவில்லை. இப்போது தழும்பு வெளுத்துவிட்டது. தொப்புளுக்குக் கீழே ஒரு கையகலம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. புண் வருவதில்லை.

கையிலும் தொடையிலும் மார்பிலும் உள்ள தோலை அப்படியே விட்டுவிட்டேன். அவை எனக்கு நோவு தரவில்லை, கண்ணுக்குத்தான் உறுத்தின. எது உடம்பின் துன்பம், எது பார்வைக்குப் பயந்த கூச்சம் என்று பிரித்துப் பார்க்க அந்தப் புண்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. முதலாவதற்கு டாக்டர் உண்டு. இரண்டாவதற்கும் சிலருக்கு டாக்டர் தேவைப்படும். அதில் இழுக்கில்லை, மனம் அவ்வளவு நொந்திருந்தால் கேட்கத்தான் வேண்டும். எனக்கு அந்த மருந்து வீட்டிலேயே ஒரு பேச்சாக வந்தது. ஓர் இரவு விளக்கை அணைக்கச் சொன்னபோது என் மனைவி, "ஏங்க, ரெண்டு பிள்ளையைச் சுமந்த வயிறு எனக்கும் இப்படித்தான் கிடக்கு. நான் உங்க முன்னால ஒளிச்சா வச்சிருக்கேன்?" என்றாள். அவள் வயிற்றைக் குறையாக நான் நினைத்ததே இல்லை. என் வயிற்றை அவள் அப்படி நினைப்பாள் என்று மட்டும் ஏன் நம்பினேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

திருச்செந்தூரில் இப்போது சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறேன். சிலர் பார்க்கத்தான் செய்கிறார்கள். கூச்சம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்; வரிசை நகரும்போது அதுவும் கூடவே நகர்கிறது.

தங்கை மகன் ஒருவன், வயது முப்பதைத் தாண்டவில்லை, இதே இரைப்பை ஆபரேஷனுக்குத் தயாராகிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தான். சாப்பாடு, மாத்திரை, லீவு எல்லாம் கேட்டான். தோலைப் பற்றிக் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைக் கழற்றி, தழும்பையும் கையையும் காட்டினேன். பயந்துவிடுவானோ என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "தொட்டுப் பாக்கட்டா மாமா?" என்றான். தொட்டுப் பார்த்தான். உன் வயதுக்கு எனக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் சுருங்கும், ஆனால் முழுக்கச் சுருங்காது, மடிப்பை முதல் நாளிலிருந்தே உலர்த்தி வை, சிவந்தால் மருந்துக்கடைக்குப் போகாதே என்றேன். பிறகு அவனோடு அந்த இரைப்பை ஆபரேஷன் டாக்டரைப் பார்க்கப் போனபோது, உட்கார்ந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வியே தோலைப் பற்றித்தான். டாக்டர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஒரு வயிற்றை வரைந்து, எங்கே தொங்கும், எதுவரை காத்திருக்கலாம், எப்போது வெட்டலாம் என்று அரைமணி நேரம் விளக்கினார். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆபரேஷனுக்குத் தேதி கேட்டான்.