அப்பாவுக்குப் பாடாத பதிகம்

மருத்துவமனையில் கிடந்த கடைசி வாரத்தில் அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஒரு பதிகம் பாடுப்பா."

நான் பாடவில்லை. "நம்பிக்கை இல்லாம பாடினா அது நடிப்புப்பா" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரிப்பா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்காம் நாள் போய்விட்டார்.

கெலுகோரில் எங்கள் வீடு பதினோராவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் பினாங்குப் பாலத்தின் விளக்குகள் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தேவாரம் பாடிவிட்டு வந்து அந்த ஜன்னலோரம்தான் அப்பா கோப்பி குடிப்பார். சின்ன வயதில் எனக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவருடைய கேசட் பெட்டியை நான் தொடவே இல்லை. எங்கேயாவது பக்திப் பாட்டு காதில் விழுந்தால் எழுந்து போய்விடுவேன். சொல் புரிகிறதே, அதுதான் பிரச்சினை.

தூக்கம் வராத ஒரு ராத்திரி, நண்பர் எப்போதோ அனுப்பியிருந்த இணைப்பைத் தட்டினேன். செக் நாட்டு இசையமைப்பாளர் லியோஷ் யானாசெக்கின் 'கிளகோலித்திக் மாஸ்'. காரெல் ஆன்செர்ல் நடத்த, செக் ஃபில்ஹார்மோனிக் 1963இல் செய்த பதிவு. திருப்பலிப் பாடல்கள்தான். ஆனால் லத்தீனில் இல்லை, பழைய ஸ்லாவிய மொழியில். ஒன்பதாம் நூற்றாண்டில் சிரிலும் மெத்தோடியசும் மொராவியாவுக்குக் கொண்டுபோன வழிபாட்டு மொழி. இன்றைக்கு யார் வீட்டிலும் அதைப் பேசுவதில்லை. ஒரு சொல்கூடப் புரியாததால்தான் என்னால் கடைசிவரை கேட்க முடிந்தது.

மறுநாள் சும்மா இருக்க முடியாமல் சொற்களைத் தேடிப் படித்தேன். நான்காவது பகுதி விசுவாச அறிக்கை. 'வேருயு' என்றால் நம்புகிறேன். அந்த ஒற்றைச் சொல்லைக் கூட்டுக்குரல் தணிவாகச் சொல்கிறது. மறுபடியும் சொல்கிறது. அந்தப் பகுதி முழுக்க அது திரும்பத் திரும்ப வருகிறது, கரண்ட் போன வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிற ஆள் மாதிரி. நடுவில் ஆர்கன் தனியாக வெடிக்கிறது. பிறகு மறுபடியும் அதே சொல்.

1926இல் இதை எழுதும்போது யானாசெக்குக்கு வயது 72. சிறுவனாக புர்னோ நகரத்து மடத்தில் பாடியவர், பின்னாளில் அதே ஊரில் ஆர்கன் பள்ளி தொடங்கியவர். ஆனாலும் தேவாலயத்துக்குப் போகிற ஆள் இல்லை. 1927 டிசம்பரில் இந்த இசை அரங்கேறிய பிறகு ஒரு விமர்சகர் அவரை நம்பிக்கையுள்ள முதியவர் என்று எழுதிவிட்டார். நான் முதியவனும் இல்லை, நம்பிக்கையாளனும் இல்லை என்று இவர் பதில் அனுப்பினார்.

ஆன்செர்ல் யூதர். தெரேசின் முகாம், பிறகு ஆஷ்விட்ஸ். பெற்றோர், மனைவி, குழந்தை எல்லோரையும் அங்கே கொன்றுவிட்டார்கள். அவர் மட்டும் மீண்டார். அந்த மனிதரின் கையசைவுக்குத்தான் ஒரு கூட்டமே 'நம்புகிறேன்' என்று பாடுகிறது, அதுவும் கம்யூனிஸ்ட் நாட்டின் அரசு நிறுவனமான சுப்ராஃபோனின் இசைத்தட்டுக்காக. "நீ நம்புகிறாயா?" என்று கேட்டுவிட்டா அவர் முன்னால் மைக்கை வைத்திருப்பார்கள்?

அங்கிருந்து பெத்ர் எபெனிடம் போனேன். 1929இல் பிறந்து 2007இல் இறந்தவர். கத்தோலிக்கராக வளர்ந்தும், தந்தை யூதர் என்பதால் பதின்ம வயதிலேயே புகன்வால்ட் முகாமில் அடைக்கப்பட்டவர். கம்யூனிஸ்ட் காலத்தில் கட்சியில் சேராமல், ஒளிக்காமல் தேவாலயத்துக்குப் போனார். பதவி உயர்வு தள்ளிப்போனது. என் அப்பா மாதிரி, சத்தம் போடாத பக்தி. 1987இல் அவர் எழுதிய 'யோபு' எட்டுப் பகுதிகள், ஆர்கன் மட்டும்தான். இடையிடையே விவிலியம் வாசிப்பதுண்டு. நான் கேட்ட பதிவில் அதுவும் இல்லை. நம்பாதவர் 'நம்புகிறேன்' என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, நம்பினவர் பாடகர்களே இல்லாமல் எழுதியிருக்கிறார். நான் மருத்துவமனையில் போட்ட கணக்கு இரண்டு பேரிடமும் செல்லவில்லை.

போன் ஸ்பீக்கரில் ஆர்கனின் அடிநாதம் வராது. பதினாறடிக் குழாய் எழுப்புகிற சுரம் நொடிக்கு 33 அதிர்வுகள், அதை இந்தச் சின்னப் பெட்டி தாங்காது. ஜார்ஜ்டவுனில் ஃபார்குவார் தெரு அசம்ஷன் தேவாலயத்தில் குழாய் ஆர்கன் உண்டு. ஒரு சாயங்காலம் யாரோ பழகிக்கொண்டிருந்தபோது போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அடிச்சுரம் வந்ததும் பெஞ்சு வழியாக முதுகு அதிர்ந்தது. வாசிக்கிறவருக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்கவே தோன்றவில்லை.

அப்பா என் குரலைத்தான் கேட்டார். நான் என் கொள்கையைக் கொடுத்து அனுப்பினேன்.

போன மாதம் முதல் திவசம். ஐயர் கிளம்பிய பிறகு படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் முதலில் சொல்லிக்கொடுத்த பதிகத்தை எடுத்தேன். நம்பிக்கை திரும்பி வந்துவிடவில்லை. குரல் உடைந்தது. இரண்டு அடி தாண்டியதும் மறந்து நின்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மா மூன்றாவது அடியை எடுத்துக்கொடுத்தாங்க. அவங்க பாடி அதுவரை நான் கேட்டதே இல்லை.