மறுபடியும் பாயில் உட்கார்ந்தவர்

பொங்கலுக்குப் பேரன் பெங்களூரிலிருந்து ஸ்ரீரங்கம் வந்திருந்தான், கையில் கிடாரோடு. நாலு பேர் சேர்ந்து ப்ளூஸ் இசைக்குழு நடத்துகிறார்கள். பாடுவது, முன்னால் நிற்பது, கச்சேரி பேசி முடிப்பது எல்லாம் இவன்தான். திண்ணையில் உட்கார்ந்து ஃபோனில் ப்ளூஸ் கிடார்க்காரர் பி.பி. கிங் வாசிப்பதைக் காட்டினான். 1925-ல் மிசிசிப்பியில் பருத்திக் காட்டில் பாடுபட்ட குடும்பத்தில் பிறந்தவராம். 1956-ல் ஒரே வருஷத்தில் 342 கச்சேரி செய்தாராம்.

அவர் கம்பியை விரலால் ஒதுக்கி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போனபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வழுக்கலை நான் நாயனத்தில் கேட்டு வளர்ந்தவன். நாயனத்தில் ஒதுக்குவதற்குக் கம்பி ஏது? துளையைப் பாதி மூடி, சீவாளியை உதட்டால் இறுக்கித் தளர்த்தி, மூச்சைக் கூட்டிக் குறைத்துத்தான் அதைக் கொண்டுவர வேண்டும். எங்கள் தெருக் கல்யாணத்துக்கு வந்த ஒரு நாயனக்காரரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கொறுக்கைத் தட்டையில் செய்த சீவாளிகள் நாலைந்து நாயனத்தின் வாயருகே நூலில் தொங்கின. ஒன்றை எச்சிலில் நனைத்து ஊதிப் பார்த்தார், திருப்தியில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று பெண் வீட்டார் தவித்தார்கள். அவர் அவசரப்படவில்லை.

பேரன் மெதுவாக ஒன்று சொன்னான். "பெங்களூருல ஒரு பெரியவர் கிடார் சொல்லித் தர்றார், தாத்தா. எனக்கு வராத விஷயமெல்லாம் அவர்கிட்ட இருக்கு. ஆனா நான் மேடை ஏறி ஆறு வருஷம் ஆச்சே. இப்பப் போய் அடிப்படையிலேர்ந்து ஆரம்பிச்சா பசங்க என்ன நினைப்பாங்க?"

அவனுக்கு நாயன வித்வான் ஷேக் சின்ன மௌலானாவைப் பற்றிச் சொன்னேன். பி.பி. கிங்குக்கு ஒரு வருஷம் மூத்தவர். 1924-ல் ஆந்திரத்தில் ஓங்கோல் பக்கம் கரவதியில், தலைமுறை தலைமுறையாக நாயனம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனாரிடமும், சிலகலூரிப்பேட்டை ஆதம் சாகிபிடமும் கற்றவர். சொந்த ஊர்ப் பக்கம் வாசித்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாயன வாசிப்பு அவரைப் பிடித்து இழுத்தது. அந்தத் தஞ்சாவூர்ப் பாணி வேண்டும் என்று கிளம்பி வந்து, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவராக உட்கார்ந்தார். கைக்கு வந்த வித்தையை வைத்துக்கொண்டு, வேறு பாஷை பேசும் ஊரில் இன்னொருவர் முன் கை கட்டி நிற்க எவ்வளவு மனசு வேண்டும்! எனக்கு அவர் வாசிப்பைவிடப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

பிறகு ஸ்ரீரங்கத்துக்கே குடிவந்தார். ரங்கநாதர் மேல் அவருக்கிருந்த பக்தி ஊரறிந்தது. 1982-ல் இங்கேயே சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தைத் தொடங்கித் தாம் தேடிப் போய் வாங்கியதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அவரிடம் கற்ற காலீஷாபி மகபூப், ஷேக் மகபூப் சுபானி தம்பதிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய பேரன்கள் காசிம், பாபு இருவரும் அந்தப் பாணியிலேயே வாசிக்கிறார்கள். சங்கீத கலாநிதி விருது அவருக்கு 1998-ல், 74 வயதில் வந்தது. அடுத்த ஏப்ரலில் காலமானார்.

பேரனிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் அன்று சொன்னேன். பஜனைகளில் பல வருஷம் நானாகவே மிருதங்கம் வாசித்தேன். நாற்பத்தொரு வயதில் ஒரு வித்வானிடம் போனேன். "கை நன்றாக இருக்கிறது, தத் தித் தொம் நம்மிலிருந்து ஆரம்பிப்போம்" என்றார். பக்கத்தில் பத்து வயதுப் பையன்கள் அதையே தட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் நான் போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை. அந்த மிருதங்கம் இன்னும் உள் அறையில் உறை போட்டபடி இருக்கிறது. இப்போது விரல் மடங்குவதில்லை.

அவன் பதில் சொல்லவில்லை. ராத்திரி திண்ணையில் கிடார் சத்தம் கேட்டது. ஒரே கம்பி, ஒரே சுரம். ஒதுக்குவான், சரியாக வராது, விடுவான், மறுபடி ஒதுக்குவான். கோயிலில் நடை சாத்திய பிறகும் கேட்டுக்கொண்டிருந்தது.