மேலே பார்க்கும் வேலை

நாங்கள் மூன்று பேர். டண்டினோங்கில் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே லொறியில் வேலைக்குப் போகிறோம். மின்கம்பிகளுக்குக் கிட்ட வளரும் மரங்களை வெட்டுவதுதான் வேலை. வெட்டுகிறவர் மேலே பக்கற்றில் நிற்பார். நாங்கள் கீழே நின்று, விழும் கொப்புகளை இழுத்துச் சிப்பருக்குள் கொடுப்போம். மெல்பேர்ண் தெருக்களில், தலையை நடுவில் பிளந்த மாதிரி நிற்கும் பிளேன் மரங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்தப் பிளவுக்குள்ளால்தான் கம்பி போகிறது.

எங்கள் குழுவின் பொறுப்பாளர் முன்பு இராணுவத்தில் இருந்தவர். முதல் நாளே இதை யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று மத்தியானம் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. 2012இல் வள்ளத்தில் வந்தவர்கள் நாங்கள். எந்த நாட்டு ஆமியென்றாலும் ஆமி ஆமிதான் என்பது எங்கள் எண்ணம். எங்களுக்குள் அவருக்கு 'ஆமி' என்றே பெயர். 'ஆமி வருது', 'ஆமி கூப்பிடுது' என்றுதான் கதைத்துக்கொள்வோம்.

ஆப்கானிஸ்தானில் உருஸ்கான் மாகாணத்தில், வாகனங்களுக்கு முன்னால் நடந்து, தெருவில் புதைத்த வெடிகளைத் தேடியவர் அவர். திரும்பி வந்தபின் ஒரு வேலையிலும் நிலைக்கவில்லை. பண்டகசாலை, காவல் வேலை எல்லாம் சில மாதங்கள்தான். வீட்டை விட்டு வெளிக்கிடாமல் கிடந்த காலமும் உண்டாம். இந்த நாட்டில் அது அவர் ஒருவருடைய கதையல்ல. படையினரின் தற்கொலைகளை விசாரித்த அரச ஆணைக்குழு 2024 செப்டெம்பரில் தன் இறுதி அறிக்கையைக் கொடுத்தது. படையில் இருந்தவர்களும் இருப்பவர்களுமாக, 1997க்கும் 2021க்கும் இடையில் தற்கொலை செய்தவர்கள் ஆகக்குறைந்தது 1677 பேர்.

மரவேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டோம். "விடிய ஐந்து மணிக்கு என்னை ஆரோ எதிர்பார்க்க வேண்டும். அதுதான்" என்றார். படித்துச் சான்றிதழ் எடுத்து, சிப்பரில் தொடங்கி, இப்போது குழுவையே நடத்துகிறார். பக்கற்றில் நிற்பவரை மீட்கும் பயிற்சியை ஒவ்வொரு வருடமும் திரும்பச் செய்கிறார்.

எங்களுக்கு அவர் முதலில் பழக்கியது பார்ப்பதைத்தான். கீழே போவது 230 வோல்ற், மேலே போவது 22,000. பச்சைக் கொப்பும் மின்சாரத்தைக் கடத்தும். ஒருவர் வெட்டும்போது இன்னொருவர் 'ஸ்பொட்டர்'. அவர் கொப்பு இழுக்கக்கூடாது, ரெலிபோன் எடுக்கக்கூடாது. கம்பியையும் வெட்டுகிறவரையும் பார்ப்பது மட்டுமே அவர் வேலை. "முன்பு நிலத்தைப் பார்த்து நடந்தேன், இப்போது மேலே பார்க்கிறேன். பார்க்கிறது ஒன்றுதான்" என்றார். எங்களில் ஒருவன் போர் முடிந்தபின் கிளிநொச்சிப் பக்கம் கண்ணிவெடி அகற்றியவன். அவன் அன்று ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினான்.

ஒரு கோடையில் கிங்லேக் பக்கம் வேலை. திடீரென்று ஹெலிகொப்ரர் சத்தம். நாங்கள் மூவரும் லொறிக்குக் கீழே பார்த்தோம், பதுங்க இடமிருக்கிறதா என்று. அவரோ நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். காயப்பட்டவனை ஏற்றிப்போக வருவது அவருக்கு ஹெலிகொப்ரர். எங்களுக்கு அது வேறு.

அங்கேதான் அவர் 2009 மாசி 7ஆம் திகதியின் கதையைச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை விக்ரோரியாவில் 173 பேர் நெருப்பில் இறந்தார்கள். அன்று மூண்ட 11 பெரிய நெருப்புகளில் ஐந்து மின்சாரக் கட்டமைப்பின் பழுதால் வந்தவை என்று விசாரணை கண்டது. கில்மோர் ஈஸ்ற்றில் அறுந்த ஒற்றைக் கம்பியிலிருந்து கிளம்பிய நெருப்பில் மட்டும் 119 பேர். கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் கணக்குப் பார்த்தோம். அந்த மாசியில் நாங்கள் மூவரும் புதுக்குடியிருப்புப் பக்கம், பங்கருக்குள். இங்கே இப்படி நடந்தது எங்களுக்குத் தெரியாது. அங்கே நடந்தது அவருக்குத் தெரியாது.

எரிந்து கறுத்த யூக்கலிப்ரஸ் அடிமரத்திலேயே திரும்பத் தளிர்ப்பதை அவர் காட்டினார். பட்டைக்குக் கீழே மொட்டு உறங்கிக்கொண்டிருக்குமாம். "உங்கள் ஊர் மரம் எது?" என்று கேட்டார். பனை என்றோம். பனைக்கு ஒரே ஒரு குருத்துத்தான், தலையை வெட்டினால் மரம் செத்துப்போகும். பங்கர் கட்டுவதற்காக எத்தனையோ ஆயிரம் பனைகளை எல்லோரும் தறித்தார்கள் என்று சொன்னோம். ஆமி என்ற சொல் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அவர் செயின்சோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பார்வையை மறைக்குது என்று நானும் மரம் தறித்திருக்கிறேன். சொந்தக்காரக் கிழவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்" என்றார். எங்கே, எப்போது என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை, எங்களில் ஒருவன் வெட்டுகிறவனாகப் படிக்க வேண்டும் என்றார். அன்றிரவு வீட்டில் பெரிய வாக்குவாதம். சில மாதங்களுக்கொருமுறை புதுப்பிக்கும் விசாவை வைத்துக்கொண்டு படிப்பு எதற்கு? நாளைக்கே போ என்றால்? விடிய இதை அவரிடம் சொன்னோம். அவர் கையால் கம்பிக்கும் கொப்புக்கும் இடைவெளியைக் காட்டினார். "இன்றைக்கு இருக்கிற கொப்புக்கு மட்டும் நாங்கள் வெட்டுகிறோமா? அடுத்த முறை வரும்வரை வளரப்போகிறதுக்கும் சேர்த்துத்தானே இடம் விடுகிறோம்" என்றார்.

கண்ணிவெடி அகற்றியவன்தான் படித்தான். போன மாசியில் முதல் தடவையாகத் தனியே பக்கற்றில் ஏறினான். கொப்பின் கீழ்ப்பக்கம் முதல் வெட்டு, பட்டை கிழியாமலிருக்க. பிறகு மேலால். கீழே ஸ்பொட்டராக அவரே நின்றார். ஒரு மணித்தியாலமும் கண்ணை எடுக்கவில்லை.

அவன் இறங்கி வந்ததும் எங்களைப் பார்த்து, "அண்ணை ரீ குடிக்கக் கூப்பிடுறார்" என்றான். யார் அண்ணை என்று விளங்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.